சர்க்கார் மழையின் லாபக் கணக்கு

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் வானத்தைப் பற்றி ஞானம் வந்துவிடும். மற்ற நாளெல்லாம் அண்ணாந்து பார்க்காதவர்கள்கூட மேகத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று டீயை உறிஞ்சிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார்கள். ஜன்னலுக்கு வெளியே தில்லிப் புகையில் எதிர்க் கட்டிடம் தெரியாது. உள்ளே ஒவ்வோர் அறையிலும் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். பெரிய அதிகாரிக்குப் பெரிய பெட்டி, சின்ன அதிகாரிக்குச் சின்னப் பெட்டி. எங்கள் பிரிவுக்கு வந்தது யாரோ வேண்டாமென்று கழித்துவிட்ட பெட்டி. வந்த நாளிலிருந்து அதன் சிவப்பு விளக்கு ஒருநாளும் பச்சையானதில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பரீட்சை எழுதி மத்திய சர்க்கார் வேலைக்கு வந்து, தில்லி முனிர்காவில் ஓர் அறைக்கு மூன்று பெண்களாக ஆரம்பித்து, இப்போது லோதி ரோட்டில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் வந்து நிற்கிறேன். வேலை நிதிப் பிரிவில். யாருக்காவது செலவு செய்ய ஆசை வந்தால் அந்த ஆசை ஃபைலாக என் மேசைக்கு வரும். செலவுக்குத் தக்க பலன் உண்டா என்று பார்த்து நான் குறிப்பு எழுத வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பேனா அதைவிட நீளம் என்று அலுவலகத்தில் பெயர். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்த அந்தக் குளிர்காலத்தில்தான் நான் வானத்துக்கே பலன் கணக்குப் போட்டேன். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே.

தீபாவளி முடிந்த வாரம் லோதி ரோட்டில் ஒரு மாநாட்டு அரங்கில் சொற்பொழிவு. நிதிப் பிரிவிலிருந்து ஒருவர் போக வேண்டும் என்று உத்தரவு. யாருக்கும் விருப்பமில்லாததால் என்னை அனுப்பினார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த பொருளாதாரப் பேராசிரியர் பேசினார். பூமி சூடாகிறது, புகையைக் குறைக்கலாம், ஆனால் அதற்கு ஆகிற செலவு பயங்கரம் என்று ஆரம்பித்தார். அதற்குப் பதிலாக விமானங்களை ரொம்ப உயரத்துக்கு அனுப்பி கந்தகப் பொடி மாதிரி ஒன்றைத் தூவினால் சூரிய வெளிச்சத்தில் கொஞ்சம் திரும்பிப் போய்விடுமாம், பூமி குளிர்ந்துவிடுமாம். நிலக்கரி உலைகளை மூடுவதோடு ஒப்பிட்டால் இது கொசுறுச் செலவு. ஒரு நாடு தனியாகவே செய்துவிடலாம், பணக்காரர் ஒருவர் நினைத்தால் அவரே செய்துவிடலாம் என்றார். அரங்கத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். சூரியனுக்கே திரை கட்டுவது இவ்வளவு மலிவு என்று தெரிந்ததில் அவர்களுக்கு அப்படி ஒரு நிம்மதி.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? கேள்வி நேரத்தில் எழுந்தேன். தூவுவதை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். இத்தனை நாள் தடுத்து வைத்த சூடெல்லாம் மொத்தமாக வந்து இறங்கும், அதனால் நிறுத்தவே கூடாது என்றார். அப்படியானால் இது செலவு இல்லை, பேரப்பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதி வைக்கிற மாதத் தவணை என்றேன். சிரித்தார். இதனால் பருவமழை இடம் மாறிப்போய் ஒருத்தன் வயல் காய்ந்தால்? அதற்கும் பதில் வைத்திருந்தார். லாபம் அடைந்தவர்கள் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கட்ட முடியும், கட்டின பிறகும் அவர்கள் கையில் மிச்சம் இருக்கும், ஆகவே திட்டம் நல்ல திட்டம். ஈடு கட்ட முடியும் என்றார், கட்டுவார்கள் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷமாகச் செலவு ஃபைல் பார்க்கிறவள் நான். அந்த ஈட்டை எந்த ஆபீஸ், எந்தத் தலைப்பில், எந்த மனுவின் பேரில் கொடுக்கும் என்று கேட்டேன். அது ஆட்சிமுறை சார்ந்த கேள்வி, பொருளாதாரக் கேள்வி இல்லை என்று கையைக் கழுவிக்கொண்டார். பிறகு எல்லாரும் வெளியே போய் பனீர் பக்கோடா சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ராணுவக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "வெயில மறைக்கப் போறாவளாமா? இங்க வெயில் மூஞ்சியப் பாத்தே பத்து நாளாச்சு" என்றார். தூவுகிற பொடி எதுவும் இல்லாமலேயே தில்லி அந்த வேலையைச் சாதித்து வைத்திருந்தது.

அந்தப் பத்து நாள் புகைக்குள் எங்கள் பிளாக் வாசலில் நின்றுகொண்டிருந்தவர் காவலாளி. பீகார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஒப்பந்த ஏஜென்ஸி ஒன்று எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அனுப்பி வைத்த ஆள். சாயங்காலம் வந்தால் மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் போவார். தகரத்தில் ஒரு கூண்டு, அதில் ஒரு நாற்காலி, அவ்வளவுதான் அவருக்குச் சர்க்கார் கொடுத்தது. விடிகாலைக் குளிர் எலும்பைக் குடையும். எல்லாக் காவலாளிகளும் செய்கிறதை அவரும் செய்வார். வேப்பிலைச் சருகைக் கூட்டி, இரண்டு செங்கல்லுக்கு நடுவே வைத்துக் கொளுத்திக் குளிர் காய்வார். இருமிக்கொண்டே காய்வார். பால் வாங்கப் போகிற நாங்களும் வழியில் நின்று கையை நீட்டிக் கொஞ்சம் சூடு வாங்கிக்கொள்வோம். நானும்தான். என் கணவர் தினமும் நின்று அவரிடம் ஹிந்தியில் ஊர்க்கதை பேசுவார்.

இலை எரிப்பது தில்லியில் குற்றம். அதைப் படம் எடுத்துப் போட ஒரு செயலி இருக்கிறது. எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு பெரிய மனிதர் அந்தப் படத்தை எடுத்துப் போட்டார். முந்தின நாள்தான் அதே நெருப்பில் இரண்டு கையையும் காட்டிக்கொண்டு மகனின் அமெரிக்கா பெருமையைப் பேசியவர். குளிர் விட்டதும் குடிமகனின் கடமை ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஏஜென்ஸிக்கு அபராதம் வந்தது. ஏஜென்ஸி அதைக் காவலாளியின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை புகை வந்தால் வேலையே கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டது. அந்தக் காகிதத்தை அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஊரில் கடைசிப் பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது, வைகாசியில் கல்யாணம், அதுவரைக்குமாவது இந்த வேலை வேண்டும் என்றார்.

நான் ஹீட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். கூண்டில் பிளக் பாயிண்ட் இல்லை. கீழ்வீட்டிலிருந்து ஒயர் இழுக்கலாமா என்று கேட்டால் மீட்டர் யாருடையது என்று கேட்டார்கள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. என் கணவர் அவ்வளவு நீள ஒயர் வாங்கிவந்து பால்கனியிலிருந்து தொங்கவிட்டார். இரண்டாம் நாளே பராமரிப்பு ஆபீஸ் ஆள் வந்து, ஆபத்து என்று கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நெருப்பில் இல்லாத ஆபத்து எங்கள் ஒயரில் இருந்ததாம்.

சரி, முறையாகவே செய்வோம் என்று பராமரிப்பு ஆபீஸ் ஜூனியர் இன்ஜினியரைப் பிடித்தேன். நல்ல பையன். காற்று மாசுக்கென்று ஒதுக்கிய பணம் அந்த வருஷம் எங்களிடம் சும்மா கிடந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். காவலாளிகள் நெருப்பு மூட்டாமல் இருப்பதற்காக எல்லாக் குவார்ட்டர்ஸ் வாசல்களுக்கும் மின்சார இணைப்பும் ஹீட்டரும் கேட்டு ஒரு திட்டம் எழுதி அனுப்பு, ஃபைல் என்னிடம்தான் வரும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஒரே வாரத்தில் அனுப்பினான். காவலாளியிடம் போய், பத்தே நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், நெருப்பை மட்டும் மூட்டாதீர்கள், ஹீட்டர் வருகிறது என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்ட பெருமை.

அதே வாரத்தில் அதே பணத்தைக் கேட்டு இன்னொரு திட்டமும் மேசைக்கு வந்தது. செயற்கை மழை. விமானம் மேகத்துக்குள் போய் உப்பைத் தூவும், மழை கொட்டும், காற்று கழுவி விட்டதுபோல் ஆகிவிடும் என்று வழுவழுப்பான தாளில் படத்தோடு வந்திருந்தது. விமானத்தில் ஏறும் பைலட்டின் படம்கூட இருந்தது. கேட்ட தொகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அந்தத் திட்டத்துக்கு ஒரு பெரிய அழகு உண்டு. ஒரே கம்பெனி, ஒரே பில், ஒரே வாரத்தில் செலவு முடிந்துவிடும். ஹீட்டருக்கோ டெண்டர் வேண்டும், ஒயரிங் வேண்டும், வருகிற கரண்டு பில்லை யார் கட்டுவது என்று மூன்று ஆபீஸ் கடிதம் எழுத வேண்டும். மார்ச் பயத்தில் இருக்கும் ஆபீஸுக்கு விமானத்தைப் போல வசதியான சாமான் எதுவும் கிடையாது.

என் மேலதிகாரியும் தமிழர்தான். பிறந்து வளர்ந்தது தில்லி கரோல் பாக், என்னைவிடப் பத்து வயது சின்னவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. மரியாதை தெரிந்த மனிதர், என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். இரண்டு திட்டத்துக்கும் லாப நஷ்ட அட்டவணை போட்டு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னார். எது மேலே வருகிறதோ அதற்குப் பணம், இதில் சண்டையே வேண்டாம் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பக்கம் உப்பு மூட்டையோடு பறக்கிற விமானம், மறு பக்கம் நாலு சுவருக்குள் ஒரு ஹீட்டர். எந்தக் கணக்கில் விமானம் ஜெயிக்கும்?

அட்டவணையை நானே உட்கார்ந்து போட்டேன். காற்று சுத்தமானால் எத்தனை பேருக்கு எத்தனை நாள் சீக்கு குறையும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சீக்கில் போகாத ஒரு நாளுக்கு என்ன மதிப்பு? அந்த ஆளின் ஒரு நாள் சம்பளம்தான் மதிப்பு. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. யார் யாருக்கு என்ன சம்பளம் என்று எங்கே போய்த் தேடுவது? நிதிப் பிரிவுக்காரிக்கு அதில் என்ன கஷ்டம்! சர்க்கார் சம்பள நிலை அட்டவணை என் இழுப்பறையில் எப்போதும் இருக்கும், பாதி மனப்பாடம். எந்தக் குவார்ட்டர்ஸில் எந்த நிலை ஊழியர் இருக்கிறார் என்பதும் தெரியும். சம்பள நிலை என்று ஒரு பத்தி போட்டு வரிசையாக நிரப்பிக்கொண்டே போனேன். எண்களைப் பெருக்கிக் கூட்டும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது.

முடிவைப் பார்த்தபோது விமானம் எங்கேயோ மேலே நின்றது. ஹீட்டர் தரையில் கிடந்தது. போட்ட பணத்தில் கால்வாசிக்குக்கூடப் பலன் இல்லை என்று வந்தது.

என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு தடவை கூட்டலைச் சரிபார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது. விமானம் பறக்கிற வழியில் பெரிய அதிகாரிகள் வீடுகள் நெருக்கமாக இருந்தன, அவர்களின் ஒரு நாள் மூச்சு விலை உயர்ந்தது, அதனால் மழையின் பலன் ஏறியிருந்தது. எத்தனை நாள் காற்று சுத்தமாக இருக்கும் என்பதற்குக் கம்பெனிக்காரன் எழுதியிருந்ததையே போட்டிருந்தேன், அதைத் தவிர வேறு எண் யாரிடமும் இல்லை. ஆனால் என்னத்தைச் சொல்ல, நானே என் கையால் போட்ட அட்டவணை. ஊரில் யார் கணக்கையும் நம்பாதவள் என் கணக்கை மட்டும் நம்பினேன். கீழே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். மேலதிகாரி அட்டவணை ரொம்ப க்ளீனாக இருக்கிறது என்று பாராட்டினார். மூன்றே நாளில் ஒப்புதல் வந்தது. இந்த ஆபீஸில் நாற்காலி வாங்கவே ஆறு மாசம் ஆகும்.

காவலாளியிடம் என்ன சொல்வது? இந்த வருஷம் ஹீட்டர் இல்லை, மழை வருகிறது, மழை பெய்தால் எல்லாருக்கும் நல்லது என்றேன். மழையில் இன்னும் குளிருமே என்றார். பால் வாங்க நேரமாகிறது என்று நடந்துவிட்டேன்.

விமானம் பறந்த நாள் பெரிய திருவிழாதான். ஜனவரி முதல் வாரம், மேற்கிலிருந்து கொஞ்சம் மேகம் வந்திருந்தது. மதியம் இரண்டு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் மொட்டை மாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழந்தைகளுக்கு ரெயின்கோட் மாட்டிவிட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் மழைக்காகவே பக்கோடாவுக்கு மாவு கரைத்து வைத்திருந்தார்கள். இரண்டாவது மாடிப் பெரிய மனிதர் குடையோடு வந்து, மேகம் எப்படிக் கருக்கொள்கிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார்.

என் கணவர் கீழேயிருந்து கத்தினார். "ஏட்டி, காயப்போட்ட துணிய எடு, சர்க்கார் மழ வருது." நானும் புத்தியில்லாமல் ஓடிப்போய் எடுத்தேன். விமானத்தின் சத்தம் மட்டும் கேட்டது. புகைக்குள் அது தெரியவே இல்லை. மூன்று மணி வரை நின்றோம், நாலு மணி வரை நின்றோம். ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை. பக்கோடாவை மழையில்லாமலேயே போட்டுத் தின்றார்கள். நான் துணியைத் திரும்பக் காயப்போட்டேன்.

மறுநாள் கம்பெனியின் அறிக்கை வந்தது. மேகத்தில் போதிய ஈரம் இல்லையாம். உப்பு நன்றாகத் தூவப்பட்டதாம். பறத்தல் முழு வெற்றியாம், மதிப்புமிக்க அனுபவம் கிடைத்ததாம். அடுத்த குளிர்காலத்தில் இன்னும் அதிகத் தடவை பறந்தால் நிச்சயம் பலன் கிடைக்கும் என்று முடித்திருந்தார்கள். உப்பை நன்றாகத்தான் தூவினார்கள், எங்கள் தலையில்! ஈரம் இல்லாத மேகத்திலிருந்து மழை வராது என்பது இப்போதுதான் தெரிந்ததாமா? பில்லில் ஒரு ரூபாய் குறைக்க முடியவில்லை. பறப்பதற்குத்தான் ஒப்பந்தம், மழைக்கு இல்லை. அந்த ஒப்பந்தமும் என் மேசை வழியாகத்தான் போயிருந்தது.

விமானம் போன மூன்றாம் நாள் காவலாளி வேலையை இழந்தார். அன்றைக்கு விடிகாலை அடித்த குளிரில் கை விறைத்துவிட்டது, கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்க முடியவில்லை, ஒரு கைப்பிடிச் சருகைக் கொளுத்தினேன் என்று பகல் காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். கைப்பிடியாவது மூட்டையாவது, படத்தில் புகை புகைதானே. யார் எடுத்தார்கள் என்று இந்தத் தடவை தெரியவில்லை. ஒன்பது மணிக்கு ஏஜென்ஸி ஆள் வந்து சீருடையையும் விசிலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வேறு ஆள் நின்றார்.

அன்றைக்கு ஆபீஸில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மனசு கேட்காமல் அந்த அட்டவணையைத் திறந்தேன். ஹீட்டர் திட்டத்தில் காவலாளிகள் எத்தனை பேர் என்று ஒரு வரிசை. அதன் எதிரே சம்பள நிலைப் பத்தியைப் பார்த்தேன். 'பொருந்தாது' என்று இருந்தது.

ஒப்பந்த ஆளுக்குச் சர்க்கார் சம்பள நிலை ஏது? கிடையாது. கிடையாது என்றால் எங்கள் வழக்கப்படி 'பொருந்தாது' என்று எழுதுவோம். எத்தனையோ படிவங்களில் எத்தனையோ தடவை எழுதிய சொல், யோசிக்காமல் கை தானாகவே எழுதிவிட்டது. கம்ப்யூட்டருக்குச் சொல்லைப் பெருக்கத் தெரியாது. பொருந்தாது என்ற இடத்தில் அது பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. தில்லி முழுக்க வாசல் வாசலாகக் குளிரில் நிற்கிற அத்தனை பேருடைய மூச்சுக்கும் ஒரு பைசா மதிப்பில்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்காகப் போட்ட திட்டத்தில், அவர்களுக்கே. எவ்வளவு பெரிய மடச்சி நான்! மாநாட்டு அரங்கில் எழுந்து நின்று, யார் நஷ்டத்துக்கு யார் ஈடு என்று பேராசிரியரை மடக்கினேனே, அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

காவலாளிக்கு என்ன கூலி உண்டோ அதைப் போட்டுப் பார்த்தேன். ஹீட்டர் மேலே வந்தது, விமானம் கீழே போனது. அப்போதே திருத்தக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரே சொல். எங்கள் ஆபீஸில் எழுத்தில் சொல்லக் கூடாததைச் சொல்வதற்கு அதுதான் வழி. நேரில் போக வேண்டும், அவர் வாயால் சொல்வார், ஃபைலில் எதுவும் இருக்காது.

போனேன். டீ வரவழைத்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அச்சா, மிஸ்டேக் நடந்திருக்கு, ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா இப்ப இத எழுத்துல வெச்சா ஆடிட் முதல்ல பிடிக்கறது உங்களைத்தான் மேடம். பிளேன் பறந்தாச்சு, பில் போயாச்சு. பென்ஷன் பேப்பர் மூவ் ஆகற டைம்ல எதுக்கு? ச்சோடியே, விட்டுடுங்க."

அவர் மிரட்டவில்லை, என் நன்மைக்குத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வேலை போன ஆளுக்கு என்ன வழி என்று கேட்டேன். அது ஏஜென்ஸி விஷயம், நம் ஃபைலில் வராது என்றார். அடுத்த வருஷம் அட்டவணையைச் சரியாகப் போட்டு ஹீட்டரை முதலிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னார். நான் டீயைக் குடித்தேன். பயந்தேன் என்று சொல்வதில் என்ன வெட்கம், பென்ஷனுக்குப் பயந்துதான் குடித்தேன். மேசைக்கு வந்து திருத்தக் குறிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை காவலாளி தன் சாமான்களை எடுக்க வந்தார். கூண்டில் அவருடைய போர்வை, ஒரு தகர டப்பா, ரப்பர் செருப்பு. நான் பால் பாக்கெட்டோடு நின்றேன். ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி மாப்பிள்ளை வீட்டுக்குத் தகவல் அனுப்பியிருப்பதாகவும், அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்றும் சொன்னார். போர்வையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஹீட்டர் ஏன் வரவில்லை தெரியுமா, யாருக்கு எவ்வளவு பலன் என்று கணக்குப் போட்டார்கள், அந்தக் கணக்கில் நீங்களெல்லாம் இல்லவே இல்லை, உங்கள் இடத்தில் பூஜ்யம் என்று வந்துவிட்டது, அதனால்தான் அந்தப் பணம் விமானத்துக்குப் போனது என்றேன். ஹிந்தியில்தான் சொன்னேன். 'போட்டார்கள்' என்றுதான் சொன்னேன். 'போட்டேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. புரியாததை விளங்கிக்கொள்ளப் பார்க்கிறவர்போல நெற்றியைச் சுருக்கினார். ஹிந்தியில் அவர் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மேடம்ஜி, நான் கணக்குலயே இல்லேன்னா, என் புகை மட்டும் எப்படிக் கணக்குல வந்துச்சு?"

நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

பதில் எனக்குத் தெரியும். அந்த அட்டவணையின் முதல் பக்கத்தில், தில்லியின் காற்றைக் கெடுப்பது எது எது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் காவலாளிகள் மூட்டும் நெருப்புக்கு ஒரு தனி வரிசை. வாசலுக்கு ஒரு நெருப்பு, நெருப்புக்கு இத்தனை கிலோ சருகு, கிலோவுக்கு இத்தனை புகை என்று பெருக்கி, கிராம்கூட விடாமல் எண் போட்டிருக்கிறது. அந்த எண்ணைப் போட்டதும் நான்தான்.